தொடாமலே ஒலிக்கும் பாய்

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காகப் பத்தமடைப் பாயின் அடியில் எட்டுச் செம்புப் பட்டைகள் ஒட்டி, ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கணினிப் பலகையில் இணைத்தோம். மேலே கை வைத்தால் ஸ்வரம் கேட்கும். வீட்டில் சரியாக வந்தது. பள்ளியில் இரும்பு மேஜைமேல் விரித்ததும் யாரும் தொடாமலே ஒலிக்கிறது. என்ன கோளாறு?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: மேஜையில் பாதி, நிரலில் பாதி. செம்புப் பட்டையும் கையும் சேர்ந்தால் ஒரு மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அமைப்பு. கை நெருங்க நெருங்கத் தேக்குதிறன் கூடும். ஆனால் அதை அளந்து உங்கள் பலகை காட்டும் எண் குறையும். (அதே பலகையின் எஸ்2, எஸ்3 வகைகளில் எண் கூடும். மாதிரி நிரலை அப்படியே ஏற்றிவிடாதீர்கள்.) பட்டைக்கு அடியில் இரும்பு இருப்பது, யாரோ ஓயாமல் கை வைத்திருப்பதற்குச் சமம். நடுவே 3 செ.மீ. தெர்மாகோல் போடுங்கள்.

நிரலில் ‘இந்த எண்ணுக்குக் கீழே போனால் ஒலி’ என்று எழுதியிருப்பீர்கள். இடம் மாறினால் அந்த எண் செல்லாது. சுவிட்சு போட்டதும், யாரும் அருகில் இல்லாதபோது, ஒவ்வொரு பட்டைக்கும் 50 முறை அளந்து சராசரி எடுங்கள். அதிலிருந்து 15 சதவீதம் இறங்கினால் தொடுகை. 8 சதவீதத்துக்குள் திரும்பினால் விடுகை. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் ஒலி விட்டுவிட்டுத் துடிக்கும். தொடாத நேரத்தில் சராசரியை மெல்லப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கோரை ஈரத்தை உறிஞ்சும்; சாரல் காற்றிலும் ஐப்பசி மழையிலும் காலை எண் மாலையில் இருக்காது.

மலிவான மொபைல் சார்ஜரும் எண்களைத் துள்ளவைக்கும். பவர் பேங்க் போட்டால் துள்ளல் அடங்கும், ஆனால் தரைத்தொடர்பு அற்றுத் தொடுகை மங்கும். பலகையின் கிரவுண்ட் முனையிலிருந்து கம்பி இழுத்து, பார்வையாளர் உட்காரும் விரிப்புக்கு அடியில் ஓரடிச் சதுர அலுமினியத் தாளோடு கிளிப் போட்டு இணையுங்கள். பட்டைக் கம்பிகள் 30 செ.மீ.க்குள் இருக்கட்டும், சேர்த்து முறுக்கிக் கட்டினால் ஒன்றைத் தொட இன்னொன்று ஒலிக்கும். பலகையில் தொடுகையை அறியும் முனைகள் பத்தில் ஜி.பி.ஐ.ஓ. எண் 0, 2 இரண்டையும் விடுங்கள். 0-இல் பூட் பொத்தான் இருக்கிறது, பல பலகைகளில் 2-இல் விளக்கு இருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். எண் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஒலியைக் கூட்டுங்கள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டிக் கேட்டவர்களுக்குத் தெரியும்: தட்டுகிற அளவுக்குத்தான் கல் பேசும். ஒற்றை விரலுக்கும் முழு உள்ளங்கைக்கும் ஒரே சத்தம் என்றால் அது அழைப்புமணி. கை வந்து படியும்போதே ஒலி எழுந்தால்தான், கணினி அந்தப் பாய்க்குள்ளேயே இருப்பதாகக் குழந்தை உணரும்.

கேள்வி: செம்புப் பட்டைக்குப் பதிலாக மின்கடத்தும் நூலைப் பாயிலேயே நெய்யலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: நெய்யலாம், அதுவே நல்லது. பாயைச் சுருட்டச் சுருட்டச் செம்புப் பட்டை விரிசல் விட்டுப்போகும். பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) பருத்தி நூலாகவே இருக்கட்டும். குறுக்கே நெய்யும் ஊடையில் ஐந்து கோரைக்கு ஒரு துருப்பிடிக்காத எஃகு நூல் போதும். இழைகளின் ஒரு முனையைச் சேர்த்துக் கட்டினால் அது ஒரு பட்டை. அடுத்த பட்டைக்கு 4 செ.மீ. வெறும் கோரை விடுங்கள். எஃகு நூலில் சாதாரண ஈயப்பற்று பிடிக்காது. சட்டையில் வைக்கும் உலோக டிச் பட்டனின் ஒரு பாதியில் நூலை நாலைந்து சுற்று இறுக்கித் தைத்து, மறுபாதியில் கம்பியைப் பற்றவையுங்கள். பாயைச் சுருட்டும்போது பட்டனைக் கழற்றிவிடலாம்.