ஆர்பிட்டல் சகோதரர்கள் நடன இசைக்கு வந்தது எப்படி?

பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை), எலக்ட்ரோ (மின்னணுத் தாள இசை) ஆகியவற்றைக் கேட்டு வளர்ந்த சகோதரர்கள், ஆர்பிட்டல் என்ற மின்னணு நடன இசை இரட்டையராக மாறியது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் செவனோக்ஸைச் சேர்ந்த ஃபில், பால் ஹார்ட்நோல் இருவரையும் 1980களின் இறுதியில் எழுந்த ஆசிட் ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசை அலை ஈர்த்தது. விடிய விடிய நடந்த நடனக் கொண்டாட்டங்களுக்கு இளைஞர்கள் விரைந்த, லண்டனைச் சுற்றிச் செல்வதால் ‘லண்டன் ஆர்பிட்டல்’ எனப்படும் எம்25 சாலையே அவர்கள் குழுவின் பெயருக்கு மூலம்.

வீட்டில், தந்தையின் கேசட் டெக்கில் பதிவான ‘சைம்’ என்ற அவர்களது இசைப்பதிவு 1990இல் பிரிட்டன் தரவரிசையில் 17ஆம் இடத்தை எட்டியது. ஆயினும் அவர்களது உண்மையான வளர்ச்சி மேடையில்தான் நிகழ்ந்தது என்பேன்: பதிவுசெய்த நாடாவை அப்படியே ஓடவிடாமல், சீக்வென்சரில் (இசைத் துணுக்குகளை வரிசைப்படுத்தி ஒலிக்கவைக்கும் கருவி) தாளத்தையும் மெட்டையும் அவ்வப்போது சேர்த்தும் நீக்கியும், கூட்டத்தின் போக்கிற்கேற்ப இசையின் நீளத்தை மாற்றினார்கள். இருட்டில் பொத்தான்களைப் பார்ப்பதற்காக அணிந்த டார்ச் விளக்குக் கண்ணாடி (பார்க்கச் சற்று வேடிக்கையானதுதான்) பின்னர் அவர்களது அடையாளமாயிற்று. 1994இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் அவர்கள் வாசித்தது, ராக் இசைக்கே பெயர்பெற்ற அந்த மேடையில் நடன இசைக்கும் இடமுண்டு என்று காட்டியது.