குழந்தைக் கட்டில்: வாங்கும் முன் அளவு நாடாவை எடுங்கள்

கேள்வி: நான் ஏழு மாதக் கர்ப்பிணி. சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். சிறிய அறையைக் குழந்தைக்கென ஒதுக்கி, அதில் ஒரு மரக் கட்டில் போட எண்ணம். என் நாத்தனார் 2008-இல் அமெரிக்காவில் இருந்தபோது வாங்கிய, ஒரு பக்கம் கீழே இறங்கும் கட்டில் அவர் வீட்டுப் பரணில் பார்க்கப் புதிது போலவே இருக்கிறது; அதைத் தருவதாகச் சொல்கிறார். தெரிந்த ஆசாரியிடம் தேக்கில் செய்துகொள்ளலாம் என்கிறார் கணவர். தூளி இருக்கக் கட்டில் எதற்கு என்பது மாமியாரின் கேள்வி. எதைத் தேர்வது? மெத்தை, தலையணை, கொசுவலை ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: ஆசாரியின் கட்டிலையும் தூளியையும் பற்றி விரிவாகப் பேசலாம். நாத்தனாரின் கட்டிலைப் பற்றிப் பேச அதிகம் இல்லை; அதை வாங்காதீர்கள். பக்கம் இறங்கும் கட்டில்களைத் தயாரிப்பதையும் விற்பதையும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2011 ஜூன் 28 முதல் முற்றிலும் தடைசெய்தது. பழைய உடைமைகளை மறுவிற்பனை செய்வதற்கும் அந்தத் தடை பொருந்தும். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அவ்வகைக் கட்டில்களில் சிக்கி மூச்சுத்திணறியோ கழுத்து இறுகியோ குறைந்தது 32 குழந்தைகள் இறந்ததாக அந்த ஆணையமே பதிவு செய்திருக்கிறது.

கோளாறு எங்கே என்று தெரிந்துகொண்டால் "பார்க்கப் புதிது போலவே" என்ற நம்பிக்கை தானாகக் கலையும். மேலும் கீழும் நகரும் பக்கம் பெரும்பாலும் சிறு பிளாஸ்டிக் கொக்கிகளிலும் தண்டவாளம் போன்ற காடிகளிலும் நிற்கிறது. வயதாக ஆக பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது. கழற்றி மாட்டும்போது ஒரு திருகாணி தொலைந்தாலும், பக்கம் தலைகீழாக மாட்டப்பட்டாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. குழந்தை அந்தப் பக்கமாக உருண்டு சாயும்போது ஒரு மூலை மட்டும் விடுபட்டு, மெத்தைக்கும் பக்கத்துக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஒரு சந்து திறக்கிறது. உடல் அந்தச் சந்தில் வழுகி இறங்க, தலை மேலே மாட்டிக்கொள்கிறது. பத்து ஆண்டுகளுக்கு மேல் பழைய கட்டில் எதையும், அது எவ்வகையாக இருந்தாலும், ஏற்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். இறங்கும் பக்கத்தை நம் ஊரில் நான்கு திருகாணி போட்டு அசையாமல் அடைத்துவிடலாமே என்று கேட்பார்கள். அந்தப் பக்கம் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. அதன் பிடிப்பை நான்கு திருகாணிகளிடம் ஒப்படைக்க முடியாது.

ஆனாலும் அந்த அமைப்பு ஏன் அவ்வளவு விரும்பப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. அறுவைச் சிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற தாய்க்கும், உயரம் குறைவான பாட்டிக்கும் உயர்ந்த பக்கத்துக்கு மேலாகக் குனிந்து குழந்தையைத் தூக்குவது பெரிய பாடு. அதற்கு மாற்று, மெத்தை வைக்கும் தளத்தை இரண்டு அல்லது மூன்று உயரங்களில் மாற்றிப் பொருத்தும் வசதி. முதல் சில மாதங்களுக்குத் தளம் மேலே இருக்கும், இடுப்பு உயரத்திலேயே குழந்தையை எடுக்கலாம். குழந்தை கைகளை ஊன்றி எழும்பவோ உட்காரவோ முயன்றதும் தளத்தை இறக்க வேண்டும். பிடித்துக்கொண்டு நிற்கும் நாள் வருவதற்கு முன்பே அது கடைசிப் படிக்குப் போயிருக்க வேண்டும். இந்த இறக்கும் வேலையை "அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் வீடுகள் நிறைய. குழந்தை எழுந்து நிற்பது எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு மத்தியான நேரத்தில் நடந்துவிடும்.

ஆசாரியிடம் செய்வது நல்ல யோசனைதான், அவருக்கு அழகைப் பற்றிச் சொல்வதற்கு முன் அளவுகளை எழுதிக் கொடுத்தால். பக்கங்களில் உள்ள நெடுக்குச் சட்டங்களுக்கு இடையேயான இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. இது கைபோன போக்கில் வந்த எண் அன்று: பச்சிளங்குழந்தையின் இடுப்பு நுழையும் அகலத்தில் சந்து இருந்தால் கால்கள் முதலில் வெளியே போய், உடல் பின்தொடர்ந்து, தலை மட்டும் உள்ளே நின்றுவிடும் என்பதால் விதிக்கப்பட்ட எல்லை. ஐரோப்பிய விதி இந்த இடைவெளியை 4.5 முதல் 6.5 சென்டிமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறது. மிகக் குறுகினால் கைகால் மாட்டும் என்பது அதன் கணக்கு. ஆகவே ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் இரண்டு கணக்குக்கும் ஒத்துவரும். சட்டங்கள் செங்குத்தாகவே இருக்கட்டும். குறுக்குச் சட்டம் குழந்தைக்கு ஏணிப்படி. தளம் கடைசிப் படியில் இருக்கும்போது அதிலிருந்து பக்கத்தின் மேல்விளிம்பு வரை 66 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும்.

நம் ஆசாரிகளுக்கு நான்கு மூலைக் கால்களின் தலையிலும் கடைசல் குமிழ் வைக்காமல் மனம் ஆறாது. அதை அன்போடு மறுத்துவிடுங்கள். மூலைக் கால் மேல்விளிம்புக்கு மேலே 1.5 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும், சுருக்கமாகச் சொன்னால் விளிம்போடு சமமாக. நீட்டிக்கொண்டிருக்கும் குமிழில் சட்டையின் கழுத்தோ, கழுத்தில் கட்டிய கயிறோ மாட்டிக்கொண்டால் குழந்தையால் விடுவித்துக்கொள்ள முடியாது. தூங்கவைக்கும்போது கழுத்துச் சங்கிலியையும் தாயத்துக் கயிற்றையும் கழற்றிவிடுவது நல்லது என்று இதையொட்டியே சொல்லிவிடுகிறேன். தலைமாட்டுப் பலகையில் மயில், தாமரை என்று வெட்டுவேலை செய்து துளைவிடுவதும் வேண்டாம். தலை நுழையும் துளை எதுவும் கட்டிலில் இருக்கலாகாது.

மரம் தேக்கானால் சிறப்பு, ரப்பர் மரமும் நன்கு பதப்படுத்தப்பட்டிருந்தால் போதுமானது. சென்னை போன்ற கடலோர ஊரில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளில்தான் எனக்குத் தயக்கம்: ஈரக்காற்றில் அவை உப்பி, திருகாணி பிடிமானம் தளர்ந்துவிடும். வண்ணப்பூச்சைக் காட்டிலும் மர நிறத்திலேயே விடுவது மேல். பல் முளைக்கும் பருவத்தில் குழந்தை மேல்விளிம்பைக் கொறித்தே தீரும். வண்ணம் அடித்தே ஆக வேண்டுமென்றால், வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரிலிருந்து நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அதற்கு உட்பட்ட புதிய டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள், பட்டறை மூலையில் கிடக்கும் பழைய மிச்சம் வேண்டாம். பாலிஷ் வாடை முழுதும் போக நாளாகும், எனவே பிரசவத் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது கட்டில் வீட்டுக்கு வந்து காற்றோட்டத்தில் நிற்க வேண்டும். ஏழாம் மாதம் என்கிறீர்கள். இந்த வாரமே சொல்லிவிடுவது சரியாக இருக்கும்.

கடையில் வாங்குவதாக முடிவெடுத்தால் ஐரோப்பியத் தரமான ஈ.என். 716 அல்லது அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1169 என்ற குறிப்பு கட்டிலில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தாலும் மேலே சொன்ன அளவுகளை நீங்களே நாடா வைத்துச் சரிபாருங்கள். கட்டிலைப் பிடித்து உலுக்குங்கள், கிறீச்சிட்டால் நகர்ந்துவிடுங்கள். பின்னாளில் பெரிய கட்டிலாக மாறும், ஊஞ்சலாக மாறும், மேசையாக மாறும் என்ற பெருமைகளுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மெத்தைதான் பெரும்பாலானோர் கடைசியில் அவசரமாக வாங்குவது, ஆனால் அதை முதலில் வாங்க வேண்டும். மெத்தைக்கும் கட்டிலின் பக்கத்துக்கும் இடையே பெரியவர் ஒருவரின் இரண்டு விரல்களுக்கு மேல் நுழைய இடம் இருக்கக்கூடாது. அங்கே முகம் புதைந்தால் மூச்சு முட்டும். கடைகளில் கிடைக்கும் மெத்தைகள் பல அளவுகளில் வருவதால், கட்டிலைச் செய்துவிட்டு அதற்கேற்ற மெத்தையைத் தேடி அலைவது வீண் வேலை. 120-க்கு 60 சென்டிமீட்டர் மெத்தை ஒன்றை வாங்கி ஆசாரியின் பட்டறைக்கே அனுப்பி, உள்ளளவை 122-க்கு 62-ஐத் தாண்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.

மெத்தை கெட்டியாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும். கையை அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்காமல் உடனே நிமிர வேண்டும். பெரியவர்களுக்கு எவ்வளவு சுகமானாலும் இலவம்பஞ்சு மெத்தை இதற்கு உதவாது, அது உடலின் வடிவத்துக்குக் குழிந்து, நாளடைவில் கட்டிதட்டி மேடுபள்ளம் ஆகிவிடும். தென்னை நார் மெத்தையின் மேல் மெல்லிய உறுதியான அடுக்கு உள்ளது பொருத்தமாக இருக்கும். அதன்மேல் இழுத்துச் செருகிய ஒரே ஒரு பருத்தி விரிப்பு. ஈரத்துக்கு ரப்பர் ஷீட் போடுவதானால் அது விரிப்புக்கு அடியில், சுருக்கமின்றி இருக்க வேண்டும்.

விரிப்புக்கு மேலே குழந்தையைத் தவிர வேறொன்றும் வேண்டாம். தலை உருண்டையாக அமையும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, பக்கவாட்டில் உருளாமல் தடுக்கும் திண்டுகள், போர்வை, பொம்மை அத்தனையும் மூக்கையும் வாயையும் மூடக்கூடியவை. கடைக்காரர் கட்டிலோடு இலவசமாகத் தரும் பஞ்சு திணித்த ஓரத் திண்டுகள் அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. வீட்டில் அவற்றைப் பிரித்துப் பார்க்கக்கூட வேண்டாம். ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாந்த நிலையில் கிடத்துங்கள். 1994-இல் அமெரிக்காவில் இந்த ஒரே பழக்கத்தைப் பரப்பும் இயக்கம் தொடங்கியபின் அங்கே திடீர்க் குழந்தை இறப்பு அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தலை தட்டையாகிவிடுமோ என்ற கவலைக்கு, விழித்திருக்கும் நேரத்தில் பெரியவர் அருகிலிருக்கக் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாடவிடுவது போதும்.

இனி மாமியாரின் தூளி. நானும் அம்மாவின் பழைய புடவையில் ஆடி வளர்ந்தவன்தான், அழும் குழந்தையை அது அடக்கும் விதத்தை எந்தக் கட்டிலும் தராது. ஆனால் துணி உடலை வளைத்துக்கொள்கிறது. கழுத்துத் தசை உறுதிப்படாத குழந்தையின் மோவாய் நெஞ்சில் படிந்து மூச்சுக்குழல் மடங்கலாம், முகம் துணியில் திரும்பினால் அதை விலக்கும் வலு அதற்கு இல்லை. அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் தூளிக்குப் பக்கத்தில் எப்போதும் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனவே மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பகலில் அவர் கண்ணெதிரே, அவர் கையால் ஆட்டும் சிறிது நேரத்துக்குத் தூளி, உறங்கிவிட்டால் எடுத்துக் கட்டிலில் கிடத்திவிட வேண்டும், இரவில் கட்டில் மட்டுமே.

தனி அறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்குவது நல்லது என்கிறது. நள்ளிரவில் பால் கொடுப்பவருக்கும் அதுதான் எளிது. ஆகவே இந்தக் கட்டில் முதலில் உங்கள் அறையில் நின்று, பிறகே சிறிய அறைக்கு இடம்பெயரப் போகிறது. உள்ளளவு 62 என்றால் வெளியளவு 68 சென்டிமீட்டர் அளவில் வரும். உங்கள் கதவு நிலையின் உள் அகலத்தை இன்றே அளந்துவிடுங்கள். சக்கரம் வைத்தால் இரண்டிலாவது பூட்டு இருக்க வேண்டும்.

எந்த அறையானாலும் சன்னல், திரைச்சீலைக் கயிறு, மின்செருகி, தொங்கும் சார்ஜர் வயர் ஆகியவற்றுக்கு எட்டாத சுவரோரமாகக் கட்டிலைப் போடுங்கள். சுவரில் அதற்கு மேலே கனமான படம் எதையும் மாட்டாதீர்கள். குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் படக்கூடாது. கொசுவுக்குச் சிறந்த வழி சன்னல்களில் வலை அடித்துவிடுவது. கட்டிலுக்கே வலை வேண்டுமென்றால் கூரையிலிருந்து தொங்கி, கட்டிலுக்கு வெளிப்புறமாக, தொய்வில்லாமல் தரைவரை விழும் வலை நல்லது. கட்டிலுக்குள்ளேயே குடை போலக் கவிழ்க்கும் வலை, உருளத் தொடங்கிய குழந்தையின் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். குழந்தை வலையைப் பிடித்து இழுக்கும் வயது வந்ததும் தொங்கும் வலையையும் எடுத்துவிட்டுச் சன்னல் வலையை மட்டும் நம்புங்கள்.

மாதம் ஒருமுறை எல்லாத் திருகாணிகளையும் இறுக்கிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் கூடுதலாக ஒருமுறை. குழந்தை 89 சென்டிமீட்டர் உயரம் எட்டினாலோ, அதற்கு முன்பே மேல்விளிம்பில் காலைத் தூக்கிப் போட்டாலோ கட்டிலின் வேலை முடிந்தது. அன்றிலிருந்து தரையில் மெத்தை போட்டுவிடலாம்.

நாத்தனாரிடம் எப்படி மறுப்பது என்ற சங்கடம் உங்களுக்கு இருக்கும். 2011 தடையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இருந்தவர், அந்தச் செய்தி அவர் காதிலும் விழுந்திருக்கலாம். அதோடு, அந்தக் கட்டிலை வேறு யாருக்கும், வீட்டுவேலைக்கு வருபவருக்கோ காப்பகத்துக்கோ கூடக் கொடுத்துவிடாமல், பக்கங்களை அறுத்துப் பிரித்துப் போடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.