கப்பல் பினாங்கில் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில் இறங்குவது வீண் அலைச்சலா?

சிங்கப்பூரில் ஏறுகிறோம், கப்பல் மலேசியாவின் பினாங்குத் தீவில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், கூட வயதான பெற்றோர் வருகிறார்கள், இறங்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "அரை நாளில் ஒரு தீவையே பார்த்துவிட முடியுமா? பெரியவர்களைக் கப்பலிலேயே விட்டுவிடுங்கள், ஏசி இருக்கு, சாப்பாடு இருக்கு" என்று எனக்கு முன்னால் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

இறங்குங்கள். பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். தீவைப் பார்க்க வேண்டாம், ஊரைப் பாருங்கள். அதற்கு அரை நாள் தாராளம்.

அவர் தாய்லாந்தின் பூக்கெட்டோடு பினாங்கைக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். பூக்கெட்டில் படோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டால், சின்னப் படகில் இறங்கி, வரிசையில் நின்று, கரைக்குப் போகவே பாதி உற்சாகம் வடிந்துவிடும். பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் நேராகக் கரையோடு கரையாகக் கட்டுகிறது. முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி பட்டமேறி அறுபது வருஷம் ஆன 1897-ஐக் கொண்டாட எழுப்பியது, வருஷத்துக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். உலகப்போரில் பக்கத்தில் குண்டு விழுந்ததால் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. அதைத் தாண்டியதும் கார்ன்வாலிஸ் கோட்டை. அதாவது நீங்கள் இறங்குகிற இடமே ஜார்ஜ் டவுன். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய பழைய நகரம் இதுதான். பஸ், டிக்கெட், வழிகாட்டி எதுவும் இல்லாமல் ஒரு குடையும் செருப்பும் இருந்தால் போதும்.

ஆனால் கப்பலில் விற்பது மலைக்குப் போகிற பஸ் சுற்றுலா. எங்களோடு வந்த கொழுந்தனார் குடும்பம் அதில்தான் போனது. பினாங்கு மலையைக் குறை சொல்லவில்லை, பினாங்குக்காரர்கள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம். 1923-லிருந்து ஓடுகிற மலை ரயில், மேலே போனால் குளிர்ந்த காற்று, கீழே ஊரும் பாலமும், எல்லாம் அருமைதான். தங்கி இருந்து பார்க்கிறவர்களுக்கு. கப்பலில் வந்தவர்களுக்குக் கணக்கு வேறு. பஸ் நிறையும்வரை காத்திருப்பு, மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வரை நெரிசல், ரயிலுக்கு வரிசை, மேலே ஏறியதும் "நேரமாச்சு, இறங்குங்க". கொழுந்தனார் திரும்பி வந்து காட்டிய படங்களில் பாதி, முன்னால் நிற்பவரின் முதுகு.

என் மாமியார் கதைக்கு வருகிறேன். இந்தக் கேள்வி என்னைச் சுட்டதே அவரால்தான்.

அத்தை இறங்க மாட்டேன் என்றார். முட்டி வலி என்று சொன்னார். முட்டி வலி நிஜம்தான், ஆனால் காரணம் அது இல்லை. அவருடைய அப்பா பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், கணக்குப்பிள்ளை. அந்தக் காலத்து வழக்கப்படி மூன்று வருஷக் கணக்கு. மூன்று வருஷம் அங்கே இருந்தால் சில மாதம் ஊரில், பிறகு மறுபடி கப்பல். அத்தை அவரைப் பார்த்ததைவிட அவர் எழுதிய கடிதங்களைப் பார்த்ததுதான் அதிகம். பினாங்கு என்ற பேரைக் கேட்டாலே "எங்கப்பாவை வெச்சுக்கிட்ட ஊரு" என்பார். சக்களத்தியைச் சொல்வதுபோலச் சொல்வார். நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

என் கணவர் கெஞ்சினார். நான் கெஞ்சவில்லை. "அத்தை, அங்க எவர்சில்வர் கடை நிறைய இருக்காம், விலை கேட்டுட்டு வந்துடலாம்" என்றேன். கைப்பையை எடுத்துக்கொண்டார்.

கடற்கரைத் தெரு வழியாக, பெரிய தூண் வைத்த பழைய வங்கிக் கட்டடங்களைத் தாண்டி நிதானமாக நடந்தோம். வலது பக்கம் லெபு பாசார் தெருவில் திரும்பியதும் லிட்டில் இந்தியா வந்துவிட்டது. வெயில் கொளுத்தியது. ஆனால் கடைகளுக்கு முன்னால் மாடிக்குக் கீழேயே ஐந்தடி அகலத்துக்கு நடைபாதை விட்டிருக்கிறார்கள். வெயிலானாலும் மழையானாலும் அதற்குள்ளேயே நடந்துவிடலாம். என்ன, நடுவில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்திருப்பார்கள், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு படி ஏறி இறங்க வேண்டும். அத்தை ஒவ்வொரு படிக்கும் என் தோளைப் பிடித்தார், ஒவ்வொரு கடையிலும் விலை கேட்டார், எதையும் வாங்கவில்லை. மல்லிகைச் சரத்தை முழம் போட்டுக் காட்டிய அம்மாவிடம் மட்டும் "நம்ம ஊருக் கை நீளமா, இந்த ஊருக் கை நீளமா" என்று கேட்டு, அந்தம்மாவும் சிரித்துக்கொண்டே அரை முழம் சேர்த்துக் கொடுத்தார்.

பினாங்கு ஸ்ட்ரீட்டில் நாணயம் மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். ஒரு கடையில் பெரியவர் ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூர் டாலரை ரிங்கிட்டாக மாற்றிக்கொண்டிருந்தபோது அத்தை பட்டென்று கேட்டார்: "இங்க கிட்டங்கி எல்லாம் எங்கங்க இருந்துச்சு?"

"நீங்க நிக்கிற இந்தத் தெருவுலதாம்மா. இங்கிட்டும் அங்கிட்டும் அவங்கதான். இப்ப பாதி கடையாயிருச்சு. யாரு இருந்தாங்க?"

"எங்கப்பா."

அவர் எழுந்து வந்து, ஒரு நாற்காலியை நடைபாதையில் போட்டு, "உட்காருங்க, டீ சொல்றேன்" என்றார். எந்தக் கட்டடம் என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நீளமாக உள்ளே போகிற ஒரு வீட்டைக் காட்டி, உள்ளே இப்படித்தான் இருக்கும், வரிசையாகக் கைப்பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பார்கள், இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுப்பார்கள் என்றார். அத்தை டீயை ஆற்றிக்கொண்டே தெருவைப் பார்த்தார். பிறகு என்னிடம், "கடல் எங்க இருக்கு?" என்றார். காட்டினேன். நாம் நடந்து வந்த வழிதானே, பத்துப் பன்னிரண்டு நிமிஷம்.

"இவ்வளவு பக்கத்துலயா?"

அவர் மனதில் இருந்த கப்பல் ராஜூலா. 1926-ல் கட்டிய கப்பல், 1970-களின் தொடக்கம்வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். சின்ன வயதில் அப்பாவை வழியனுப்பப் போனபோது அத்தை பார்த்தது, அலையில் ஆடி ஆடிச் சிறுத்துப்போன ஒரு படகை. கப்பல் என்றால் எட்டாத தூரத்தில் நிற்பது என்றுதான் அவருக்கு. பினாங்கிலும் அப்படித்தான் இருக்கும், அப்பாவும் மலங்காட்டுக்குள்ளே எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார் என்று எழுபது வயதுவரை நினைத்திருக்கிறார்.

"தெருமுனையில கப்பல வெச்சுக்கிட்டுதான் மனுஷன் வராம இருந்தாரா" என்றார்.

அழவெல்லாம் இல்லை. நல்ல கோபம். டீ டம்ளரை வைத்துவிட்டு, அந்தப் பெரியவரிடம் "இந்தியப் பணத்துக்கு என்ன விலை தர்றீங்க?" என்று கேட்டு, சொன்ன விலைக்கு அவரோடு ஒரு வாக்குவாதமும் நடத்திவிட்டுத்தான் எழுந்தார். மாற்ற வேண்டிய பணம் ஒன்றும் கையில் இல்லை.

அதற்கப்புறம் முட்டி வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833-ல் எழுந்த கோயில், தீவிலேயே பழைய இந்துக் கோயில். நடை சாத்துகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். பக்கத்துத் தெருவுக்கு வந்தால் காதர் முகைதீன் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதே தெருவில் மேலே போனால் சீனர்களின் குவான் யின் கோயில், அதன் கோடியில் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். நாலும் நடக்கிற தூரம். குவான் யின் கோயில் வாசலில் ஊதுவத்திப் புகை கண்ணைக் கரித்தது. ஆளுயர வத்திகள். "இதுல ஒண்ணு இருந்தா வீட்டுக்கு ஒரு மாசத்துக்குக் காணும்" என்றார் அத்தை.

கெங் க்வீ தெருவில் செண்டோல் குடிக்க வைத்தேன். துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, அதில் பச்சை நிறத்தில் மாவு இழைகள், கொஞ்சம் ராஜ்மா. "புழு மாதிரி இருக்கேம்மா" என்று முகத்தைச் சுளித்தவர் கிண்ணத்தைச் சாய்த்து அடிமண்டிப் பாகுவரை குடித்தார்.

சர்க்கரை நோயாளிக்குச் செண்டோல் கொடுக்கலாமா என்று யாராவது வரிந்துகட்டிக்கொண்டு வருவீர்கள். அவருக்குச் சர்க்கரை இல்லை. உங்கள் பெற்றோருக்கு இருந்தால் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. திரும்பிக் கப்பலுக்கு வந்தபோது மேல்தளத்தில் பார்த்தேன். நீச்சல் குளத்தைச் சுற்றி நம்மூர்த் தாத்தா பாட்டிகள், ஆளுக்கொரு பேரக்குழந்தையைப் பிடித்துக்கொண்டு. மகனும் மருமகளும் ஊர் பார்க்கப் போயிருக்கிறார்கள். "அம்மாவைக் கப்பல்ல கூட்டிட்டுப் போனோம்" என்று வருஷம் முழுக்கச் சொல்வார்கள். கூட்டிப் போனது ஆயா வேலைக்கு. ஒரு பாட்டி தூரத்து மலையைக் காட்டி "அது என்ன ஊரும்மா?" என்று என்னைக் கேட்டார். காலையிலிருந்து அந்த ஊரில்தான் கப்பல் நின்றுகொண்டிருந்தது. வீட்டிலேயே விட்டிருந்தால் அவராவது தன் சீரியலைப் பார்த்திருப்பார். உங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கும் என்றும் அப்படி ஒரு யோசனை இருக்கும் என்றும் என் ஊகம். இல்லையென்றால் மன்னிக்கவும்.

ஜார்ஜ் டவுன் வீதிகளில் இன்னொரு கூத்து, ஆர்மேனியன் தெருவில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகிற சுவரோவியம். 2012-ல் லிதுவேனியா ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் வரைந்தது. சைக்கிள் நிஜம், பிள்ளைகள் ஓவியம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பக்கத்தில் நின்று படமெடுக்க வெயிலில் ஒரு வரிசை. நாங்கள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம். நேரமும் தெம்பும் மிச்சமிருந்தால் அதைவிட வெல்ட் கீ பக்கம் சூ ஜெட்டிக்குப் போகலாம், கடல்மேல் மரக்கால் ஊன்றிச் சீனக் குடும்பங்கள் கட்டிய வீடுகள். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசாவைத் தளர்த்தியிருக்கிறது, ஆனாலும் கிளம்புமுன் அன்றைய விதியைப் பாருங்கள். திரும்பவும் சிங்கப்பூருக்குள்தான் வருவீர்கள், அந்த விசா மறுபடி நுழைய விடுகிறதா என்பதுதான் முக்கியம். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசலுக்குள் போக நினைக்காதீர்கள். கால் ஓய்ந்தால் கைபேசிச் செயலியில் அழைக்கிற கிராப் வண்டி கிடைக்கும், ஊருக்குள்ளேயே என்பதால் பெரிதாகச் செலவாகாது.

கப்பல் கிளம்பும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள், ஏற வேண்டிய கடைசி நேரம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கடிகாரம் ஒன்றுதான். பூக்கெட்டும் சேர்ந்த பயணமென்றால் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கைபேசி தானாக மாறிவிடும், கப்பல் நேரம் மாறாமலே இருக்கலாம். அறையில் வைக்கும் அன்றாடத் தாளில் போட்டிருப்பார்கள். அதைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு இறங்குங்கள். அத்தை மாதிரி ஆள் கூட இருந்தால் இன்னும் அரை மணி நேரம் முன்னாலேயே திரும்பத் தொடங்குங்கள், வழியில் இருக்கிற எவர்சில்வர் கடைகள் எல்லாவற்றிலும் மறுபடி விலை கேட்பார்கள்.