கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா? – வாசகர் கேள்வி பதில்

ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி: வராந்தாச் சுவரில் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பு ஏறிக்கொண்டிருந்தது. கட்டுவிரியன் என்று பக்கத்து வீட்டார் அடித்துவிட்டார்கள். படம் அனுப்பியிருக்கிறேன். வாசலில் சிறியாநங்கை வைத்தால் இனி வராதா?

அடிபட்டது நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையன். ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வார்கள். வராந்தா விளக்கில் பூச்சி மொய்க்கும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்கு இது வரும். சொரசொரப்பான சுவரில் சுலபமாக ஏறக்கூடியது. கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடுதான் திரியும்.

உங்கள் படத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. வரையனுக்குக் கழுத்துப் பக்கம் பட்டை அகலமாகத் தொடங்கி வாலுக்குப் போகப் போக மங்கிவிடும், உடல் பழுப்பு. கட்டுவிரியனுக்கு நேர்மாறு: உடல் பளபளக்கும் கருப்பு, மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, கழுத்தருகே மங்கலாகவோ இல்லாமலோ இருந்து வாலை நோக்கித் தெளிவாகும். முதுகின் நடுவே அறுகோணச் செதில் வரிசை ஒன்று பெரிதாக ஓடும். இதெல்லாம் தள்ளி நின்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு மட்டுமே. கடிபட்டபின் பட்டையை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

சிறியாநங்கை, பூண்டு, கந்தகம், பினாயில் எதற்கும் பாம்பு ஒதுங்குவதில்லை. வேலை செய்வது வேறு. வாசற்கதவின் அடியில் ரப்பர் பட்டை அல்லது பிரஷ் பட்டை. குளியலறை, வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் கால் அங்குலத்துக்கும் சிறிய கண்ணுள்ள துருப்பிடிக்காத வலை. சுவரோடு ஒட்டிய செங்கல், விறகு, தேங்காய் மட்டைக் குவியலை எடுத்துவிட வேண்டும். வராந்தா விளக்கைத் தேவைக்கு மட்டும் போட்டால் பல்லியும் குறையும். வலை போட்ட பலர் ஏசி குழாய் போகும் ஓட்டையை மறந்துவிடுகிறார்கள்.

உள்ளே வந்துவிட்டால் ஒருவர் ஏழெட்டடி தள்ளி நின்று பார்வையை எடுக்காமல் இருக்க வேண்டும். மற்றொருவர் அடுத்த அறைக் கதவுகளைச் சாத்தி, அடி இடைவெளியில் துண்டைத் திணித்துவிட்டு 101-க்குப் பேச வேண்டும். கண்ணிலிருந்து தவறவிட்டால் தேடுவதற்கே பாதி நாள் போய்விடும்.

கட்டுவிரியன் இரவில் உலவும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலி பெரிதாகத் தெரியாது, பல் தடமும் சில நேரம் தெரியாது. விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்கச் சிரமம் என்றால் அஜீரணம் என்று சுக்குக் கஷாயம் வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கை காலை அசைக்காமல் கட்டை வைத்துத் தாங்குங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே ஒரே கூட்டு முறிமருந்துதான். அதற்கான நஞ்சைச் சேகரிப்பதில் முக்கியப் பங்கு, 1978-இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. தரையில்தான் படுக்க வேண்டுமென்றால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். கொசுவுக்கு மட்டுமல்ல அந்த வலை.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: சிட்டுக்குருவிப் பெட்டி மாட்டி இரண்டு வருடமாகிறது. ஒரு முறை மைனா கூடு கட்டியது. குருவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செல்போன் கோபுரம் காரணமா?

கோபுரத்தை விடுங்கள், ஓட்டையை அளந்து பாருங்கள். மைனா நுழைந்தது என்றாலே ஓட்டை பெரிது. குருவிக்கு 32 மில்லிமீட்டர் விட்டம் போதும். கடையில் அழகுக்காக விற்கும் பெட்டிகளில் பல 50 வரை இருக்கின்றன. 32 மில்லிமீட்டர் துளை போட்ட மரத்துண்டு ஒன்றை முன்னால் வைத்து ஆணி அடித்தால் பழைய பெட்டியே சரியாகிவிடும். ஓட்டைக்குக் கீழே உட்காரக் குச்சி இருந்தால் அறுத்துவிடுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, காகத்துக்குத்தான் வசதி.

புதிதாகச் செய்வதானால் அடிப்பலகை உள்ளளவு 12 முதல் 15 சென்டிமீட்டர் சதுரம், உயரம் 20 முதல் 25, ஓட்டை அடியிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே. பலகை 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சித்திரை வெயிலில் குஞ்சு வெந்துபோகும். அடியில் நான்கு மூலையிலும் சிறு துளைகள். உட்புறம் பெயின்ட் கூடாது. காலணி அட்டைப்பெட்டி ஐப்பசி மழைக்குத் தாங்காது.

எட்டு முதல் பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில், ஆடாதபடி திருகி மாட்டுங்கள். கம்பியில் தொங்கவிட்டால் வராது. மின்விசிறி சுற்றும் வராந்தாவுக்குள் மாட்டினால் வந்த குருவியும் இறக்கையில் அடிபட்டுச் சாகும். குருவி கூட்டமாக வாழ்வது. ஒரு பெட்டிக்குப் பதில் மூன்று நான்கை ஒரு மீட்டர் இடைவெளியில் மாட்டினால் வாய்ப்பு கூடும்.

அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் தீனியைப் பாருங்கள். பெரிய குருவிக்குக் கம்பு, தினை, நொய் போதும். குஞ்சுக்கு முதல் சில நாள் புழு பூச்சிதான் வேண்டும். தொட்டிச் செடிக்கெல்லாம் பூச்சிமருந்து தெளிக்கும் தெருவில் பெட்டி மட்டும் மாட்டிப் பயனில்லை. ஓட்டு வீட்டின் இடுக்கும், மளிகைக்கடை வாசலில் சாக்கிலிருந்து சிந்திய தானியமும் போனபின் குருவி போனது. மருதாணிப் புதர் ஒன்று வையுங்கள், அடைவதற்கு வரும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: மாடி வென்டிலேட்டர் பொந்தில் கூகை குஞ்சு பொரித்திருக்கிறது. இரவெல்லாம் சீறுகிறது. வீட்டுக்கு ஆகாது, எடுத்துவிடு என்கிறார் மாமியார்.

சீறுவது குஞ்சுகள், இரை கேட்டு. பொரித்ததிலிருந்து இரண்டு மாதத்தில் பறந்துவிடும். அதுவரை தொடக்கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூட்டைக் கலைப்பதையும் தடுக்கிறது. குஞ்சுள்ள கூகைச் சோடி ஓர் இரவில் பல எலிகளைப் பிடிக்கும். மாமியாரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இந்த இரண்டு மாதம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் எலிமருந்து மட்டும் வேண்டாம். புரோமடியலோன் கேக் தின்ற எலி உடனே சாகாது. மூன்று நான்கு நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் கூகைக்கு முதலில் அகப்படும். பொறியும் மசால்வடையும் போதும். குஞ்சுகள் பறந்தபின், உள்ளே எதுவும் இல்லையென்று இரண்டு இரவு உறுதி செய்துகொண்டு பொந்துக்கு வலை அடியுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: ஓட்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் இரவில் ஓட்டம். பாசுமதி சோறு வெந்த வாசனையும் வருகிறது. ஆள் வைத்துப் பிடித்து மலையில் விட்டுவிடலாமா?

அந்த வாசனை மரநாயைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பிடித்து விடுவது சட்டப்படி குற்றம். விட்டாலும் அதே பொந்துக்கு இன்னொன்று வரும். முதலில் அது நுழையும் வழியைக் கண்டுபிடியுங்கள்; பெரும்பாலும் சுவரும் ஓடும் சேரும் மூலை. அங்கே செய்தித்தாளைத் தளர்வாகச் செருகி வைத்தால் மறுநாள் காலை கிழிந்து கிடக்கும். பகலில் குட்டிகளின் கீச்சுச் சத்தம் கேட்டால் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். தாயை வெளியே விட்டு அடைத்தால் குட்டிகள் மேலேயே செத்து நாறும். குட்டியில்லை என்று உறுதியானபின், அது வெளியே போன இரவு ஒன்பது மணிவாக்கில் அரை அங்குலக் கண் வெல்டட் வலையைத் திருகி அடையுங்கள். தெர்மாக்கோலும் பஞ்சும் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. ஓட்டின்மேல் சாய்ந்திருக்கும் மாங்கொப்பையும் வெட்டிவிடுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு மாணவி: கீழே விழுந்த குஞ்சைக் கையால் தொட்டால் தாய் சேர்க்காதாமே?

சேர்க்கும். இறகு முளைக்காத குஞ்சென்றால் கூட்டிலேயே திருப்பி வையுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கிறதா, அது பறக்கப் பழகுகிறது. பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காகக் கூட்டுக்குக் கீழே கிடந்தது காகக் குஞ்சு மாதிரி இல்லையே என்று பயப்படவும் வேண்டாம், குயிலாக இருக்கும்.