1950களின் அமெரிக்கக் குற்றப் படங்களில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு உரிய இடம் கிடைத்ததா?

மிகச் சில படங்களில் கிடைத்தது. அதில் எனக்கு நெருக்கமானது 1959இல் சாமுவேல் ஃபுல்லர் எடுத்த ‘தி கிரிம்சன் கிமோனோ’.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். அந்தக் காலத்துக் குற்றப் படங்களில் கறுப்பர் என்றால் பெரும்பாலும் ரயிலில் பெட்டி தூக்குவார், இல்லையென்றால் மதுக்கூடத்தில் பியானோ வாசிப்பார். கதை அவரைத் தாண்டிப் போய்விடும். 1958இல் வந்த ‘டச் ஆஃப் ஈவில்’ அருமையான படம்தான். ஆனால் அதில் மெக்சிகோ அதிகாரியாக வருபவர் முகத்தில் மாநிறம் பூசிக்கொண்ட சார்ல்டன் ஹெஸ்டன்.

ஃபுல்லர் படத்தில் துப்பறிபவரே ஜப்பானிய வம்சாவளி. ஹவாயில் பிறந்த ஜேம்ஸ் ஷிகேட்டா, லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர் ஜோவாக நடித்தார். கூட்டாளி சார்லி வெள்ளையர். கொரியப் போரிலிருந்தே உயிர் நண்பர். இருவரும் ஒரே பெண்ணை விரும்புகிறார்கள். அவள் மனம் ஜோவிடம் போகிறது. விஷயம் தெரிந்ததும் சார்லியின் முகம் மாறுகிறது. ‘இவனும் என் இனத்தைத்தான் பார்க்கிறான்’ என்று ஜோ முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் அது வெறும் பொறாமை.

இந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஈப்போவில் என் முதல் வேலையில், மேலாளர் முகம் சுளிக்கும்போதெல்லாம் ‘தோட்டத்துப் பையன் என்றுதானே’ என்று நினைப்பேன். சில முறை அது உண்மை. சில முறை அவருக்கு வீட்டில் என்ன கவலையோ. எது எது என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் குழப்பத்தை ஒரு கதாநாயகனுக்குக் கொடுத்து, தப்பாகக் கணிக்கவும் விட்டிருக்கிறார்களே, அதைத்தான் நான் உரிய இடம் என்பேன்.

ஒரு குறையும் உண்டு. சந்தேகம் முழுக்க ஜோவின் மனதில்தான் என்பதுபோல் படம் சாய்கிறது. 1942இல் தொடங்கி ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்த நாடு அது. ஜோவின் சந்தேகம் சும்மா முளைத்ததல்ல.

அப்பாவிடம் கதையைச் சொன்னேன். “கடைசியில அந்தப் பொண்ணு யாரோட போச்சு?” என்றார். “ஜோவோடதான்பா. நடுத்தெருவுல, திருவிழாக் கூட்டத்துக்கு நடுவுல முத்தம் கொடுக்கிறாங்க.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “அதைப் போடு, பாப்போம்” என்றார்.