போன வருடம் வந்த அதே யானை

காலபோக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்குள் ஏறியதும், இலங்கையின் வடக்கே வன்னிப் பக்கத்து வாசகர்களிடமிருந்து காட்டு மிருகங்கள் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். வந்துபோன மிருகம் ஏன் மறுபடியும் வருகிறது என்பதைச் சுற்றியே இம்முறையும் பெரும்பாலானவை இருக்கின்றன.

ஒட்டுசுட்டானிலிருந்து: போன வருடம் யானை சுவரை உடைத்து நெல் மூட்டையை இழுத்தது. திருத்திக் கட்டிய அதே சுவரை இந்த வருடமும் உடைத்துவிட்டது. பக்கத்து வீடுகளைத் தொடவில்லை. எங்கள் மேல் ஏதும் வன்மமா?

வன்மம் இல்லை அம்மா. போன முறை அங்கே நெல் கிடைத்தது, அதை அது மறக்கவில்லை. யானையின் மூக்கும் சாதாரணமானதல்ல. ஆப்பிரிக்க யானையில் மணம் அறிவதற்கான மரபணுக்கள் ஏறத்தாழ 2,000 இருக்கின்றன. நாயில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நம் யானையும் மூடிவைத்த இரண்டு பாத்திரங்களில் எதில் தீனி கூட இருக்கிறது என்பதை மணத்தை வைத்தே சொல்லிவிடும்.

இப்படி உடைந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கதவு, யன்னல், குசினி எதுவும் அசையவில்லை. மூட்டை அடுக்கியிருந்த மூலைக்கு நேரே, வெளிச்சுவரில் என் நெஞ்சளவு உயரத்தில், சேறு அப்பிய ஈரத் தடங்கள் மூன்று நான்கு இருந்தன. தும்பிக்கையால் தடவித் தடவி இடம் பார்த்துவிட்டுத்தான் தள்ளியிருக்கிறது. அந்தச் சுவருக்கு உள்பக்கம் பிள்ளைகளின் பாய் விரித்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

ஆகவே முதல் வேலை, நெல் இருக்கும் அறையில் யாரும் படுக்காதீர்கள். இரண்டாவது, உங்கள் வீட்டில் இனி நெல்லே இருக்கக்கூடாது. விற்கக்கூடியதை விற்றுவிடுங்கள். மிச்சத்தை நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து, ஆட்கள் படுக்காத, வேலி போட்ட ஒரு கட்டடத்தில் வையுங்கள். யானை இன்னும் ஓரிரு முறை வந்து மணம் பார்க்கும், அந்த நாட்களில் கவனமாக இருங்கள்.

மாங்குளத்திலிருந்து: தொல்லை தரும் யானையைப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டால் பிரச்சினை தீராதா?

தீராது. இலங்கையிலேயே இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த அந்த ஆய்வில், சில யானைகள் நேரே பழைய இடத்துக்கே திரும்பின. சில எங்கெங்கோ அலைந்து புதிய ஊர்களில் பயிரை அழித்தன. சில மட்டும் புதிய இடத்தில் தங்கின. மொத்தத்தில் மனிதச் சாவும் கூடியது, யானைச் சாவும் கூடியது. உங்கள் ஊரின் ஆபத்தை இன்னோர் ஊரின் வாசலில் இறக்குவதை நான் ஒருநாளும் ஆதரிக்கமாட்டேன்.

நெடுங்கேணியிலிருந்து: 2008இல் போரால் இடம்பெயர முன்னர் எங்கள் ஊருக்குள் யானை வருவது அபூர்வம். மீள்குடியேறிய பிறகு ஏன் இப்படி?

இந்தக் கேள்வியில்தான் வன்னியின் கதையே இருக்கிறது. நீங்கள் இல்லாத காலத்தில் வயல் பற்றையாகியது, வளவுக்குள் மரம் முளைத்தது, குளத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. யானைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பெருங்காட்டைவிட, வெட்டி விட்ட நிலத்தில் தழைக்கும் இளம்பற்றையில்தான் அதற்குத் தீனி அதிகம். எங்கள் நாட்டு யானைகள் பெரும்பாலும் சில நூறு சதுர கிலோமீற்றருக்குள்ளேயே வாழ்நாளைக் கழிப்பவை. எந்த மாதம் எந்தக் குளம், எந்த வடலிக் கூட்டம் என்று தாயின் பின்னால் நடந்தே குட்டி படிக்கிறது.

அப்புறம், கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 2009இல் உங்கள் வயலில் பிறந்த ஆண் குட்டிக்கு இப்போது 15 வயது தாண்டிவிட்டது. ஆண் யானை கூட்டத்தை விட்டுத் தனியே திரியத் தொடங்குவது 10 முதல் 15 வயதுக்குள். பயிருக்குள் இறங்குவதும் பெரும்பாலும் ஆண்கள்தான். அந்த நிலம் உங்கள் ஊர் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கும் அது பிறந்த ஊர்தான். அதைத் துரத்தி எங்கே அனுப்புவது? காட்டோரத்தில் நீளமாகப் போடும் மின்வேலிக்கு இரண்டு பக்கமும் யானை இருப்பதால் அது அவ்வளவாக உதவாது. அதற்குப் பதிலாக ஊரைச் சுற்றி ஒரு மின்வேலி, வயலைச் சுற்றி விதைப்பு முதல் அறுவடை வரை இன்னொன்று. அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றிவிட்டால், அறுத்த நெல்லின் தாளை யானை மேய்ந்துகொள்ளும். பராமரிப்பை ஊரே ஏற்கவேண்டும். வேலியில் செடி படர்ந்தால் மின்சாரம் இறங்கிவிடும்.

வங்காலையிலிருந்து: வெளிநாட்டுப் பறவைகள் வருடாவருடம் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன?

சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் மூன்றையும் பயன்படுத்துகின்றன. கரையோரப் பறவைகளில் பலவற்றுக்கு மாரி கழித்த அதே சேற்றுநிலத்துக்கே திரும்பும் வழக்கம் உண்டு. காலில் மாட்டிய வளையங்கள் அதைக் காட்டியிருக்கின்றன. உங்கள் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமானதற்கு, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததற்கு, இந்த விருந்தாளிகளும் ஒரு காரணம்.

மல்லாவியிலிருந்து: குரங்குக்கு ஒருநாள் வாழைப்பழம் கொடுத்தோம், இப்போது குசினிக்குள் வருகிறது.

கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அயலவர்களும் நிறுத்தவேண்டும், ஒருவர் கொடுத்தாலும் போதும், அது வரும்.

துணுக்காயிலிருந்து: ஒவ்வொரு வருடமும் பாலைப்பழக் காலத்தில் அதே மரத்தடியில் கரடி. நாங்களும் பழம் பொறுக்கப் போகவேண்டுமே?

பழுக்கும் மரத்தைக் கரடி மறக்காது. மரப்பட்டையில் புது நகக் கீறல் இருக்கிறதா, கீழே பாலைக்கொட்டை நிறைந்த எச்சம் ஈரமாகக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈரமாக இருந்தால் அன்று அந்த மரம் வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். காய்ந்திருந்தாலும் தனியே போகவேண்டாம். கரடி தீனியில் குனிந்துவிட்டால் ஆள் வருவதைக் கவனிக்காது, திடுக்கிட்டால்தான் பாயும். நன்றாக விடிந்த பிறகு, இரண்டு மூன்று பேராக, தூரத்திலிருந்தே சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள்.