வாசகர் கேள்வி: வளரும் வயதில் ஓட்டமும் சைக்கிளும்

கேள்வி: 14 வயதாகும் என் மகன் டுவாத்லான் போட்டிக்காக ஓட்டம், சைக்கிள் இரண்டிலும் பயிற்சி எடுக்கிறான். சைக்கிளை விட்டு இறங்கியதும் உடனே ஓடச் சொல்கிறார்கள். அப்போது கால்கள் கனத்துப்போகின்றன என்கிறான். முழங்காலுக்குக் கீழே சிறிய புடைப்பும் வலியும் இருக்கின்றன. கடந்த ஓராண்டில் வேகமாக உயர்ந்துவிட்டான். பயிற்சியை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கால்கள் கனப்பது இயல்பானது, முழங்கால் வலியைத்தான் அலட்சியப்படுத்தக் கூடாது.

சைக்கிள் மிதிக்கும்போது பெரும் உழைப்பு முன்தொடைத் தசைகளுடையது. அவை களைத்த நிலையில் ஓடத் தொடங்கினால், வழக்கமான வேகத்தில் ஓடுவதற்கே கூடுதல் பிராணவாயு செலவாகி, இதயத் துடிப்பும் உயர்கிறது. சில நிமிடங்களில் கால்கள் ஓட்டத்துக்குப் பழகிக்கொள்ளும். தொடர்ந்து பயிற்சி எடுக்கும்போது இந்தச் சிரமம் குறையும். இந்த வயதினர் குறுகிய, வேகமான முயற்சிகளிலிருந்து பெரியவர்களைவிடச் சீக்கிரம் மீள்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் அதைக் காரணமாக வைத்துப் பெரியவர்களின் பயிற்சி அட்டவணையை அவர்கள்மீது சுமத்துவது தவறு.

இனி முழங்கால். முழங்கால் சில்லிலிருந்து இறங்கும் தசைநாண் கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியில் முன்புறம் வந்து சேரும் இடம், வளரும் வயதில் முழு எலும்பாக இறுகியிருப்பதில்லை. ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் 13, 14 வயதில் அந்த இடம் திரும்பத் திரும்ப இழுபடும்போது வலியும் புடைப்பும் உண்டாவதை மருத்துவர்கள் ஆஸ்குட்-ஷ்லேட்டர் என்பார்கள். உங்கள் மகனுக்கு இருப்பது அதுதானா என்பதை எலும்பு மருத்துவர் நேரில் பார்த்தே சொல்ல வேண்டும். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் இது தணிந்துவிடும்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. சைக்கிளில் அந்த அதிர்ச்சி இல்லை. அதனால் வலிக்கும் முழங்காலுக்குச் சைக்கிள் ஓய்வு என்று பலர் நம்புகிறார்கள். கனமான கியரில் மிதித்தாலும் மேட்டில் ஏறினாலும் அதே தசைநாண்தான் இழுபடுகிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சீட்டின் உயரத்தையும் இன்றே பாருங்கள்: சில மாதங்களுக்கு முன் சரியாக இருந்த சீட், இப்போது உயர்ந்துவிட்ட பிள்ளைக்குத் தாழ்ந்திருக்கும், முழங்கால் அதிகமாக மடங்கும். பெடல் அடிக்கு வரும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்கியிருக்க வேண்டும்.

ஆகவே முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. வலி அடங்கும்வரை மேடுகளையும், கனமான கியரையும், இறங்கியதும் ஓடும் பயிற்சியையும் தவிர்த்து, இலகுவான கியரில் சமதளத்தில் வலியில்லாத அளவுக்கு ஓட்டலாம். அதற்காக ஓட்டத்தை நிரந்தரமாகக் கைவிட்டுச் சைக்கிளோடு நின்றுவிட வேண்டாம். எலும்பு உறுதிப்பட வேண்டிய இந்த வயதில் தரையில் கால் பதியும் அதிர்ச்சியும் அளவோடு தேவை. வளர்ச்சி, பயிற்சி இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் அளவுக்குச் சாப்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நொண்டி நடந்தாலோ, இரவில் வலித்தாலோ, மூட்டு வீங்கினாலோ, அடுத்த பயிற்சிக்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.